பழைய ஸ்பிரிங்குகளை நசுக்குவது எப்படி? இயந்திரத் தேர்விலிருந்து கட்டு போடுவது வரை

தகரம், டப்பா, குழாய் எல்லாம் ஒருமுறை அழுத்தினால் அப்படியே அடங்கிவிடும். ஸ்பிரிங் அடங்காது, அழுத்தம் விட்டதும் எழுந்து நிற்கும். அதற்கென்றே பதப்படுத்திய எஃகு அது. அதனால் புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் "எத்தனை டன் இயந்திரம்?" என்று கேட்பதற்கு முன், "கம்பி எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்க வேண்டும்.

படி 1: பிரித்தல்

வெர்னியர் எடுத்துக் கம்பியின் தடிமனை அளந்து குவியல் பிரியுங்கள். மெத்தை, நாற்காலி ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் 2 மி.மீ.யை ஒட்டியே இருக்கும். கார் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் 10 மி.மீ.க்கு மேல் போகும். லாரியின் பட்டை ஸ்பிரிங்கைத் தனியாக வையுங்கள்.

அடுத்தது காந்தம். இங்கே ஒரு சறுக்கல் உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காந்தத்தில் ஒட்டாது என்று நம்பியிருப்போம். ஆனால் குளிர்நிலையில் இழுத்துச் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் கம்பி லேசாக ஒட்டும். ஒட்டியும் ஒட்டாமலும், துரு இல்லாமல் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள், அதற்கு விலை வேறு. செம்பு நிறத்தில் சிறிய ஸ்பிரிங் இருந்தால் அது பெரிலியம் கலந்த செம்பாக இருக்கலாம். பெரிலியத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். அதை அரைக்கவே கூடாது.

படி 2: அழுத்தத்தில் இருப்பதை ஒதுக்குதல்

உயிர் போவது இயந்திரத்தால் மட்டுமல்ல, உள்ளே ஏற்கெனவே சுருக்கி அடைத்து வைத்த ஸ்பிரிங்காலும்தான். மூன்றைக் கண்ணில் பட்டதும் ஒதுக்குங்கள்: ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர், வாயு நிரப்பிய ஸ்பிரிங், கனரக வண்டியின் ஏர் பிரேக் அறை. மூன்றாவதுதான் மிக மோசம். வெளியே பார்த்தால் சாதாரணத் தகரச் சட்டி மாதிரி இருக்கும். உள்ளே பலநூறு கிலோ விசையோடு ஒரு ஸ்பிரிங் காத்துக் கிடக்கும். கிளாம்ப் பட்டையைக் கழற்றினாலோ கேஸ் வைத்து வெட்டினாலோ மூடி பீரங்கிக் குண்டாகப் பறக்கும். அதற்கான பூட்டு போல்ட்டும் இரும்புக் கூண்டும் உள்ளவர்களிடம்தான் அதைத் தர வேண்டும்.

படி 3: இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தல்

மெல்லிய கம்பி என்றால் ஹைட்ராலிக் பேலர், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் நசுக்கிக் கட்டாக்கும் இயந்திரம். துணியோடு வரும் பாக்கெட் ஸ்பிரிங் என்றால் துண்டு துண்டாகக் கிழிக்கும் இரட்டைத் தண்டு ஷ்ரெட்டர், அதன் பின்னால் இரும்பைத் துணியிலிருந்து பிரிக்கும் காந்த உருளை. தடித்த ஸ்பிரிங் என்றால் முதலை வாய் போலத் திறந்து மூடி வெட்டும் அலிகேட்டர் ஷியர். தடித்த ஸ்பிரிங்கை நேரே பேலரில் போடுவது வீண் வேலை. அது நசுங்காது, விசையைச் சேமித்து வைத்துக்கொண்டு கதவு திறக்கும்போது திருப்பித் தரும்.

ஷியர் வாங்கும்போது "40 மி.மீ. கம்பி வெட்டும்" என்பார்கள். அது சாதாரண மென் எஃகுக்கான (மைல்ட் ஸ்டீல்) கணக்கு. பதப்படுத்திய ஸ்பிரிங் எஃகின் வலிமை அதைப்போல மூன்று, நான்கு மடங்கு. ஆகவே அந்த இயந்திரத்துக்கு 20 மி.மீ. தான் எல்லை என்று பாதியாக்கிக்கொள்ளுங்கள். இதை மறந்தால் முதலில் பிளேடு முனை சில்லு சில்லாகப் பெயரும்.

பேலரின் விசையை நீங்களே கணக்கிடலாம். 200 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு 314 ச.செ.மீ. 200 பார் அழுத்தத்தில் சுமார் 64 டன் வரும்.

படி 4: பேலரில் கட்டு போடுதல்

கட்டு நிற்பது அழுத்தத்தால் அல்ல, பின்னலால். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அறையின் அடியில் மெல்லிய தகரத் துண்டுகளைப் பரப்புங்கள். அதன்மேல் மெத்தைச் சட்டத்தை மடித்து வையுங்கள். அடுத்த சட்டத்தை 90 டிகிரி திருப்பி வையுங்கள். ஒரே திசையில் அடுக்கினால் எல்லாச் சுருளும் சேர்ந்து ஒரே ஸ்பிரிங்காக எழும். மேலே மறுபடி தகரம். அறை விளிம்புக்கு மேல் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

அழுத்தும் வரிசை இது: முதலில் அறையின் மூடி இறங்கட்டும், பிறகு பக்கவாட்டுத் தள்ளி (சிலிண்டர் தள்ளும் அழுத்துத் தகடு), கடைசியில் முதன்மைத் தள்ளி. முழு அழுத்தம் வந்ததும் சில நொடி விட்டுத் தள்ளியைச் சற்றுப் பின்வாங்கி, மறுபடி முழுதாக அழுத்துங்கள். முதல் அழுத்தத்தில் வழுக்கிய சுருள்கள் இரண்டாவதில் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும். கட்டு வெளியே தள்ளப்படும்போது கதவுக்கு நேரே யாரும் நிற்க வேண்டாம்.

அடிக்கடி வரும் தொல்லை ஒன்று. 2 மி.மீ. கம்பி நுனி தள்ளிக்கும் பக்கச் சுவர்த் தகட்டுக்கும் நடுவே நுழையும், தள்ளியோடு சேர்ந்து போய்த் தகட்டில் கோடு கிழிக்கும். ஒரு கோடு விழுந்தால் அடுத்த கம்பிக்கு அதுவே வழி. தகட்டின் தேய்மானத்தை வாராவாரம் தடவிப் பாருங்கள். எண்ணெய்ச் சூட்டையும் கவனியுங்கள். 60 டிகிரி தாண்டினால் சீல்கள் சீக்கிரம் போகும்.

படி 5: ஷ்ரெட்டர் என்றால்

ஸ்பிரிங் தண்டில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொள்ளும். பிளேடுகளுக்கு இடையிலான இடைவெளி கம்பித் தடிமனை நெருங்கிவிட்டால், கம்பி வெட்டுப்படாமல் மடிந்து உள்ளே நழுவும். மெல்லிய கம்பிக்கு அரை மி.மீ.க்குள் இடைவெளி இருக்கட்டும். மெதுவாக ஓடும் தண்டு, சுமை ஏறினால் தானாகப் பின்னோக்கிச் சுழலும் அமைப்பு, இரண்டும் கட்டாயம். மிகக் கடினமான பிளேடை விட, சற்றுக் கடினம் குறைந்தாலும் அடி தாங்கும் பிளேடே இதற்கு நல்லது.

சுற்றிய கம்பியை எடுக்க மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். அப்போதும் வெட்டும்போது முகக் கவசம் வேண்டும். இறுகிச் சுற்றிய கம்பி வெட்டியதும் சவுக்கு போல வீசும்.

படி 6: அடுக்குதல்

வெளியே வந்த கட்டு கொஞ்சம் உப்பும், சில நேரம் மறுநாளும் தளரும். மென்மையாக்கிய 3 மி.மீ. இரும்புக் கம்பியால் இரண்டு திசையிலும் கட்டிவிட்டு, கட்டுக்கும் கட்டுக்கும் ஒரு சாண் இடம் விட்டு அடுக்குங்கள்.