மார்பக மறுசீரமைப்புக்குப் பிறகு அழுத்த உள்ளாடை: முதல்முறை அணிவிப்பவர்களுக்கான செய்முறை

மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்துவிட்டு, வயிற்றுச் சதையாலோ முதுகுச் சதையாலோ சிலிக்கோன் இம்பிளான்டாலோ புதிய மார்பகம் அமைத்துக்கொண்டு வீடு திரும்பும் பெண்ணிடம், மாத்திரைகளோடு இறுக்கமான பிரா ஒன்றும் தேவைப்பட்டால் வயிற்று பெல்ட்டும் கொடுத்து அனுப்புவார்கள். மாத்திரை அட்டையில் வேளை எழுதியிருக்கும். பிராவை எவ்வளவு இறுக்குவது என்று எங்கும் எழுதியிருக்காது. கோவையில் அறுவை சிகிச்சை முடிந்து வந்த என் அக்காவை நான்தான் பார்த்துக்கொண்டேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பதால் துணியும் தையலும் எனக்குப் பழக்கம். உடம்பைப் பற்றியதை அக்காவின் மருத்துவரிடமும் நர்ஸிடமும் கேட்டுக்கொண்டேன். அக்காவையோ அம்மாவையோ பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்காக இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

படி 1: எங்கே அழுத்தலாம், எங்கே கூடாது?

கடைக்குப் போவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். மார்பகத்தை எடுத்த இடத்தில் தோலுக்கு அடியில் வெற்றிடம் இருக்கும், அதில் நீர் கோக்கும். அளவான அழுத்தம் தோலையும் சதையையும் ஒட்டி வைக்கிறது, வீக்கத்தைக் குறைக்கிறது, நடக்கும்போதும் இருமும்போதும் தையல் இழுபடாமல் தாங்குகிறது. ஆனால் எல்லா வகை அறுவை சிகிச்சைக்கும் ஒரே இடத்தில் அழுத்தம் கொடுப்பதில்லை.

வயிற்றுச் சதையைத் தனியாக எடுத்து மார்பில் வைத்திருந்தால், நுண்ணோக்கி வைத்துத் தைத்த மெல்லிய ரத்தக்குழாய்களில்தான் அந்தப் புதிய மார்பகத்தின் உயிர் இருக்கிறது. அதை நெருக்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடக்கூடும். அதனால் ஆரம்ப நாட்களில் பல மருத்துவர்கள் பிராவே வேண்டாம் என்பார்கள், அல்லது தளர்வாகத் தாங்கினால் போதும் என்பார்கள். வயிற்றுக்கு மட்டும் பெல்ட் இருக்கும். இம்பிளான்ட் வைத்தவர்களில் சிலருக்கு, அது மேலே ஏறிவிடாமல் இருக்க மார்பின் மேற்புறம் குறுக்காக ஒரு பட்டை கொடுப்பார்கள். தொடையிலிருந்து கொழுப்பை எடுத்து மார்பில் செலுத்தியிருந்தால் தொடைக்குத்தான் அழுத்தம். மார்பை அழுத்தவே கூடாது. ஆகவே பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொன்னது உங்கள் அக்காவுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்த நாளிலிருந்து, எத்தனை வாரம், இரவிலும் வேண்டுமா, குளிக்க எவ்வளவு நேரம் கழற்றலாம் என்ற நான்கையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக 4 முதல் 6 வாரம் வரை இரவு பகலாக அணியச் சொல்வார்கள். உங்கள் மருத்துவர் சொல்லும் கணக்கே உங்களுக்குக் கணக்கு.

படி 2: அளவு, துணி, தையல்

பழைய பிரா அளவைச் சொல்லி வாங்காதீர்கள். வீங்கிய உடம்புக்கு அந்த அளவு சேராது. மார்புக்குக் கீழே ஒரு சுற்று, எடுப்பான இடத்தில் ஒரு சுற்று என்று இன்ச் டேப்பால் மென்மையாக அளந்து, மருத்துவர் சொன்ன வகையை சர்ஜிக்கல் கடையில் வாங்குங்கள். முன்பக்கம் திறப்பதாக இருக்க வேண்டும். கம்பி கூடாது. தோள்பட்டை அகலமாக, தளர்த்தவும் இறுக்கவும் வசதியாக இருக்க வேண்டும். கொக்கி இரண்டு மூன்று வரிசை இருந்தால், வீக்கம் வடிய வடிய உள்வரிசைக்கு மாற்றிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் ஸ்போர்ட்ஸ் பிரா மலிவாகக் கிடைக்கிறதே என்று பலருக்குத் தோன்றும். தலைவழியாகப் போடும் எதுவும் இப்போது உதவாது. கையைத் தூக்க முடியாது, தூக்கவும் கூடாது.

கடையிலேயே உள்புறத்தை வெளியே திருப்பிப் பாருங்கள். கட்டைவிரலைத் தையல் மேல் மெதுவாக ஓட்டுங்கள். ஓவர்லாக் தையல் வரப்புபோல் எழும்பி நிற்கும். ஃபிளாட்லாக் தையல் துணியோடு படுத்துக் கிடக்கும். நாளெல்லாம் அழுத்திக்கொண்டே இருக்கப்போகும் துணிக்கு ஃபிளாட்லாக்தான் வேண்டும். ஜிப் வைத்தது என்றால் ஜிப்புக்குப் பின்னால் துணிப்பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றைத் துவைக்கும்போது மாற்றிக்கொள்ள இரண்டு வாங்குவது நல்லது.

படி 3: அணிவிப்பது

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காயத்துக்குள் கோக்கும் நீரைக் குழாய்வழியாக வெளியே சேர்க்கும் டிரெயின் டப்பா இருந்தால், அதைக் காலி செய்து, எத்தனை மில்லி என்று குறித்துவிடுங்கள். அவரைக் கட்டில் ஓரத்தில் காலை ஊன்றி உட்கார வையுங்கள். உள்ளே மெல்லிய பருத்தித் துணி போட மருத்துவர் அனுமதித்தால், பழைய காட்டன் பனியனை முன்பக்கம் நீளமாக வெட்டிப் பிரித்து, தையல் வெளியே தெரிய மாற்றிப் போடுங்கள். காயத்தில் தையல் உரசாது.

அறுவை சிகிச்சை செய்த பக்கத்துக் கை முதலில் நுழைய வேண்டும். கையை அவர் நீட்ட வேண்டாம், துணியைக் கையிடம் கொண்டுபோங்கள். பிறகு அடுத்த கை. கொக்கியைக் கீழிருந்து மேலே மாட்டுங்கள். ரவிக்கைக்கு மேலிருந்து மாட்டிப் பழகிய கை மேலேதான் போகும், நிதானமாகச் செய்யுங்கள். எடுத்த எடுப்பில் வெளிவரிசைதான், அதாவது தளர்ந்தது. டிரெயின் குழாய் பட்டைக்கு அடியில் மடங்காமல், வளைவாக வெளியே வர வேண்டும். டப்பாவை அதற்கான பையில், காயத்தைவிடத் தாழ்வாக வையுங்கள். தொங்க விடாதீர்கள்.

வயிற்று பெல்ட்டைப் படுத்த நிலையில் கட்டுங்கள். பெல்ட்டைக் கட்டிலில் விரித்து, அதன்மேல் அவரைப் படுக்க வைத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுங்கள். வெல்க்ரோவைக் கீழிருந்து ஒட்டிக்கொண்டு வாருங்கள். விலா எலும்பின் மேல் ஏறினால் மூச்சு முட்டும், கீழிறக்குங்கள்.

படி 4: இறுக்கத்தைக் கண்ணால் பார்ப்பது

இந்த முழுக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். பட்டைக்கு அடியில் உங்கள் இரண்டு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். அவரால் ஆழ்ந்து மூச்சு விட முடிய வேண்டும். "இறுக்கமாக இருக்கிறதா அக்கா?" என்று கேட்டு, "இல்லை" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். நரம்புகள் வெட்டுப்பட்டதால் புதிய மார்பகத் தோலில் உணர்ச்சி மிகக் குறைவாக இருக்கும், பலருக்கு இருக்கவே இருக்காது. வலிக்கவில்லை என்பது அங்கே ஒன்றையும் காட்டாது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். இளஞ்சிவப்புத் தடம் அரை மணி நேரத்தில் மறைந்தால் சரி. மறையாத சிவப்பு, பள்ளம், கொப்புளம் இருந்தால் இறுக்கம் அதிகம். மார்பகம் வெளிறியோ நீலம் பாய்ந்தோ கறுத்தோ சில்லிட்டோ இருந்தால் உடனே தளர்த்திவிட்டு, நடு இரவானாலும் மருத்துவமனைக்கு போன் செய்யுங்கள். சதைக்கு ரத்தம் போகவில்லை என்றால் காப்பாற்றச் சில மணி நேரம்தான் இருக்கும். உணர்ச்சியற்ற தோல்மேல் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். சுடுவதே தெரியாமல் வெந்துவிடும்.

பார்க்க வரும் பெரியவர்கள், "பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றைக் கட்டுகிற மாதிரி நல்லா இழுத்துக் கட்டு கண்ணு" என்பார்கள். எங்கள் காங்கேயம் அத்தையும் அன்போடுதான் சொன்னார். உள்ளே புதுத் தையல் இருக்கிறது, மருத்துவர் இவ்வளவுதான் சொல்லியிருக்கிறார் என்று பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

படி 5: வெயில், வியர்வை, துவைத்தல்

சித்திரை வெயிலில் இந்தப் பிராவோடு இருப்பது கடினம், அதை லேசாகப் பேசாதீர்கள். மார்புக்குக் கீழ் மடிப்பில் வியர்வை நின்றால் தோல் புண்ணாகும். சுத்தமான காட்டன் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். காயம் ஆறியது என்று மருத்துவர் சொல்லும்வரை பவுடர், மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம்.

இந்தத் துணி நீண்டு சுருங்குவது லைக்ரா இழையால். 1958-இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது அது. சூடும் பிளீச்சிங்கும் அதைக் கெடுக்கும், கெட்டால் பிரா வெறும் துணிதான். பச்சைத் தண்ணீரில் மென்மையான சோப்பால் கையில் அலசுங்கள். கல்லில் அடிக்கவோ முறுக்கிப் பிழியவோ இஸ்திரி போடவோ வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசி அலசலை மட்டுமாவது நல்ல தண்ணீரில் செய்யுங்கள். உப்புப் படிந்த துணி காய்ந்ததும் விறைத்து, தோலை அறுக்கும்.

மறுபரிசோதனைக்குக் காரில் போகும்போது சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவில் சின்னத் தலையணை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்களுக்குக் கை வீக்கத்துக்காகத் தரும் அழுத்தக் கை உறை (ஸ்லீவ்) வேறு, இது வேறு. ஒன்றுக்குப் பதில் ஒன்று ஆகாது.

38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், திடீரென ஒரு பக்கம் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல், கெண்டைக்கால் வலி இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவர் நிறுத்தச் சொன்ன பிறகும் கம்பி வைத்த பிராவுக்கு உடனே மாறிவிடாமல், அதற்குத் தனியாக அனுமதி கேளுங்கள்.