மரபு வில்லுக்குக் கார்பன் அம்புத் தண்டு: எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

கார்பன் தண்டின் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் நேர்த்தன்மை எண்தான்: 0.001, 0.003, 0.006 அங்குலம். விலையும் அதை ஒட்டியே ஏறும். அம்பை வில்லின் ஷெல்ஃப் (கைப்பிடிக்கு மேல் வெட்டியிருக்கும் படி) மேலேயே வைத்து, விரலால் நாணை விட்டு, 20 மீட்டருக்குள் எய்கிறவருக்கு 0.006 தாராளம். 0.001-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் வெவ்வேறு ஸ்பைனில் (தண்டு வளையும் அளவில்) இரண்டிரண்டு தண்டு வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம். எது ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு டஜன் வாங்கினால் போதும்.

ஒப்பிட வேண்டிய முதல் எண் ஸ்பைன். தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் கிடத்தி, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் அது எவ்வளவு தாழ்கிறது என்பதே அந்த எண். அரை அங்குலம் தாழ்ந்தால் 500. எண் கூடக்கூடத் தண்டு இளகியது என்று பொருள். மர அம்பிலிருந்து கார்பனுக்கு மாறுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். மரத்தில் ஸ்பைனைப் பவுண்டில் சொல்வார்கள். அங்கே எண் கூடினால் விறைப்பு கூடும். அளக்கும் முறையும் வேறு: 26 அங்குல இடைவெளி, 2 பவுண்டு எடை. சில தண்டுகளில் ஸ்பைனுக்குப் பதில் மாடல் எண்ணே முன்னால் நிற்கும். கோல்ட் டிப் நிறுவனத்தின் 3555, 5575, 7595 ஆகியவை முறையே 500, 400, 340 ஸ்பைன். 35 முதல் 55 பவுண்டு வரை என்பதுபோல் படிக்கத் தோன்றும் அந்த இலக்கங்கள் கப்பி பூட்டிய காம்பவுண்ட் வில்லை மனத்தில் வைத்தவை. ரிகர்வோ (முனைகள் முன்னோக்கி வளைந்த வில்) லாங்போவோ (நீண்ட எளிய வில்) வைத்திருப்பவர் அவற்றை விட்டுவிட்டு ஸ்பைனை மட்டும் பார்க்கட்டும்.

அச்சிட்ட எண்ணை வீட்டிலேயே சரிபார்க்கலாம். பலகையில் 71.1 செ.மீ. இடைவெளியில் இரண்டு தாங்கிகளைப் பொருத்துங்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கம்பிக் கொக்கி மாட்டி, கொக்கியும் பாட்டிலும் சேர்த்துச் சரியாக 880 கிராம் வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். வெட்டாத முழுத் தண்டை வைத்து, எடை இல்லாமல் ஒரு முறை, எடையோடு ஒரு முறை, தண்டின் நடு உயரத்தை வெர்னியரால் அளந்து வித்தியாசத்தைக் குறியுங்கள். 10.2 மி.மீ. என்றால் 400, 12.7 என்றால் 500, 15.2 என்றால் 600. தண்டைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி நான்கு பக்கமும் அளக்க வேண்டும். கார்பன் துணியைச் சுற்றி உருட்டிச் செய்யும் தண்டில் அடுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் சற்று விறைப்பாக இருப்பதுண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் எடையில்லா அளவையும் புதிதாக எடுங்கள். இல்லாவிட்டால் தண்டின் லேசான வளைவு ஸ்பைன் வேறுபாடுபோல் தோன்றி ஏமாற்றும். பக்கத்துக்குப் பக்கம் அரை மி.மீ. அளவுக்கு மாறினால் விறைப்பான பக்கத்தில் புள்ளி வைத்து, எல்லா அம்பிலும் அந்தப் புள்ளி ஒரே திசை பார்க்கும்படி ‘நாக்’கை (அம்பின் வாலில் நாண் மாட்டும் துண்டு) செருகுங்கள். மலிவான தண்டும் விலை கூடிய தண்டும் இந்தப் பலகையில் வரும்போது விலை பேசாது.

அடுத்தது எடை. தண்டின் எடையை அங்குலத்துக்கு இத்தனை கிரெய்ன் என்று சொல்வார்கள், 15.43 கிரெய்ன் ஒரு கிராம். தண்டின் எடையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, முழு அம்பைக் கணக்கிட வேண்டும். 28 அங்குலத்தில் 45 பவுண்டு என்று எழுதிய ரிகர்வை 27 அங்குலம் இழுக்கிறவர் கையில் ஏறத்தாழ 43 பவுண்டு இருக்கும். (அந்த 28 என்பது கைப்பிடியின் ஆழமான பகுதியிலிருந்து 1.75 அங்குலம் முன்னால் வரை சேர்த்து அளந்தது. தராசு கிடைத்தால் உங்கள் இழுப்பிலேயே அளந்துவிடுங்கள்.) தண்டு நீளம் 29.5 அங்குலம், நாக் 10 கிரெய்ன், 5 அங்குல இறகு மூன்றும் பசையும் 10, இன்ஸர்ட் (முனையைத் திருகத் தண்டுக்குள் ஒட்டும் துண்டு) 15 என்று வைத்துக்கொள்வோம்.

500 ஸ்பைன், அங்குலத்துக்கு 7.4 கிரெய்ன், முன்னால் 175 கிரெய்ன் முனை: தண்டு 218, மொத்தம் 428. பவுண்டுக்கு 10 கிரெய்ன். 600 ஸ்பைன், 7 கிரெய்ன், 125 முனை: மொத்தம் சுமார் 367, பவுண்டுக்கு எட்டரை. இரண்டும் வில்லிலிருந்து கிளம்பும்போது கிட்டத்தட்ட ஒரே அளவு வளையக்கூடும், ஏனென்றால் முன்னால் கனம் கூடினால் விறைப்பான தண்டும் அதிகம் வளையும். ஆனால் எய்தால் இரண்டும் வேறு அம்புகள். 600 வேகமாகப் போகும். வில் சத்தமும் கையில் அதிர்வும் கூடும். 500-ல் ஈர்ப்பு மையம் முன்னால் தள்ளியிருக்கிறது: நாக் பள்ளத்திலிருந்து சுமார் 20.8 அங்குலத்தில் சமநிலை. அதிலிருந்து பாதி நீளமான 14.75-ஐக் கழித்து 29.5-ஆல் வகுத்தால் 20 சதவீதம். 600-ல் இது 17 வரும். விரல் விடுகை சற்றுப் பிசகினாலும் முன்கனமான அம்பு சீக்கிரம் நேராகிவிடும். எனவே இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவருக்கு எங்கள் பரிந்துரை: ஒரு படி விறைப்பானதை எடுத்து முனையில் கனம் சேருங்கள். இளகிய தண்டை வாங்கி, அது தாங்காமல் முனையைக் குறைத்துக்கொண்டே போவது பிடிக்காத வழி.

அதே 500 ஸ்பைனில் சுவர் தடித்த, அங்குலத்துக்கு 9 கிரெய்ன் தண்டும் கிடைக்கும். அதே 175 முனையோடு மொத்தம் 475 தாண்டும், பவுண்டுக்கு 11. வில்லுக்கு நல்லது, சத்தம் குறையும், 25 மீட்டரில் அம்பு விழுவது கண்ணுக்குத் தெரியும். பழைய மர வில் என்றால் பவுண்டுக்கு 9-க்குக் கீழே போகாமல் இருப்பதே உத்தமம்.

விட்டத்தைப் பலரும் கவனிப்பதில்லை. உள்விட்டம் 0.246 அங்குலம் உள்ள வழக்கமான தண்டின் வெளிவிட்டம் சுமார் 7.5 மி.மீ. ‘5 மி.மீ.’ என்று விற்கும் 0.204 உள்விட்டத் தண்டு 7-க்குச் சற்றுக் கீழே. ஷெல்ஃபிலிருந்து எய்யும்போது இந்த வித்தியாசத்தில் பாதி, அதாவது 0.3 மி.மீ. அளவு, அம்பின் மையக்கோடு வில் நோக்கி நகர்கிறது. பக்கத்தட்டில் (அம்பு பக்கவாட்டில் உரசும் இடத்தில் ஒட்டிய தோல்) அதே அளவு தோலைச் சீவினதற்குச் சமம். ஷெல்ஃப் நடுக்கோடு வரை வெட்டாத லாங்போவில் அம்பு வில்லைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருப்பதால் இளகிய தண்டு கேட்கும். நடுக்கோடு தாண்டி வெட்டிய ரிகர்வ் விறைப்பானதை ஏற்கும். நீளும் தன்மையுள்ள டாக்ரான் நாணை எடுத்துவிட்டு, அதைவிடக் குறைவாக நீளும் ஃபாஸ்ட் ஃப்ளைட் நாண் மாட்டினாலும் விறைப்பு கூட வேண்டும். மெல்லிய தண்டுக்கு நாக்கும் இன்ஸர்ட்டும் வேறு அளவு என்பதையும் வாங்கும்போதே கணக்கில் எடுங்கள்.

சோதனை இறகில்லா அம்பில்தான். முழு நீளத் தண்டில் இன்ஸர்ட்டை ஹாட்மெல்ட்டால் (சூட்டில் உருகும் பசை) ஒட்டுங்கள். முனையைச் சூடாக்குங்கள், தண்டை அல்ல. அதிகச் சூட்டில் கார்பனைக் கட்டியிருக்கும் பிசின் பழுதாகும். 10 மீட்டரில் இறகுள்ள மூன்று, இல்லாத இரண்டு. வலக்கைக்காரருக்கு இறகில்லாதது இடப்பக்கம் விழுந்தால் தண்டு விறைப்பு, வலப்பக்கம் விழுந்தால் இளகல். இடக்கைக்காரருக்கு இதற்கு நேர்மாறு. முழு நீளத்தில் இளகலாகத்தான் தொடங்கும், நீளம் குறையக் குறைய விறைப்பு கூடும். நாக்கைக் கழற்றி, பின்முனையிலிருந்து 6 மி.மீ. வெட்டி, மறுபடி செருகி எய்யுங்கள். பின்னாலிருந்து வெட்டுவதால் ஒட்டிய இன்ஸர்ட்டைத் தொட வேண்டியதில்லை. இறகில்லாதது இறகுள்ள அம்புகளின் கூட்டத்துக்கு ஒரு கையகலம் வலப்பக்கம் வந்ததும் நிறுத்துங்கள். இறகு ஒட்டியபின் அது சரியாகிவிடும். முழு இழுப்பில் முனை ஷெல்ஃபுக்கு ஓர் அங்குலமாவது முன்னால் இருக்க வேண்டும். அந்த எல்லைக்கு வந்தும் இளகலாகவே இருந்தால் ஸ்பைனை மாற்ற வேண்டியதுதான்.

ஒரு பொறி இருக்கிறது. மிகவும் இளகிய அம்பு அளவுக்கு மேல் வளைந்து, அதன் வால் பக்கத்தட்டில் மோதித் தெறித்து, இடப்பக்கம் போய் விழும். பார்க்கிறவர் விறைப்பு என்று நினைத்து இன்னும் இளகியதை வாங்குவார். பக்கத்தட்டில் டால்கம் பவுடர் தடவி எய்து பாருங்கள். தண்டின் பின்பாதியில் வெள்ளைக் கோடு விழுந்தால் மோதுகிறது. விடும்போது ‘டக்’ என்ற சத்தமும் கேட்கும். இன்னும் உறுதியாகத் தெரிய 50 கிரெய்ன் கனமான முனை போடுங்கள். உண்மையிலேயே விறைப்பாக இருந்தால் இறகில்லா அம்பு வலப்பக்கம் நகர்ந்து கூட்டத்தை நெருங்கும். வேடமிட்ட இளகல் என்றால் இன்னும் இடப்பக்கம் போகும், அல்லது ஒவ்வொன்றும் ஒரு மூலைக்குச் சிதறும்.

வெட்டுவதற்கு வேகமாகச் சுழலும் தேய்ப்புத் தகடுதான் சரி, தண்டை உருட்டிக்கொண்டே. பிளம்பர் வைத்திருக்கும் குழாய் வெட்டி சுவரை நசுக்கி, கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தந்துவிடும். கார்பன் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. முகக்கவசம் கட்டாயம், வெட்டும் இடத்தில் வாக்குவம் ஓடட்டும். உட்புறத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் கறுப்பு வராதவரை துடையுங்கள். இன்ஸர்ட் கழன்று முனை இலக்கிலேயே தங்கிவிடுவதற்குப் பெரும்பாலும் இந்தத் தூசிதான் காரணம். மர நரம்பு அச்சிட்ட தண்டில் அசிட்டோன் வேண்டாம், மேல்பூச்சு கரைந்து வரலாம். ஷெல்ஃபிலிருந்து எய்ய இயற்கை இறகுதான். இறகுக்குப் பதில் ஒட்டும் பிளாஸ்டிக் வேன் ஷெல்ஃபில் பட்டால் மடங்காமல் அம்பைத் தட்டிவிடும்.

போட்டிக்குப் போகிறவர்கள் பிரிவு விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்: உலக வில்வித்தை அமைப்பின் லாங்போ பிரிவில் மர அம்பு மட்டுமே செல்லும்.

கல்லிலோ இன்னோர் அம்பிலோ மோதிய கார்பன் அம்பை அப்படியே மறுபடி நாணில் ஏற்றாதீர்கள். இரு முனையையும் பிடித்து, முகத்திலிருந்து விலக்கி, லேசாக வளைத்துச் சுற்றிலும் திருப்புங்கள். நறநற என்ற சத்தம் வந்தாலும், பஞ்சைத் தண்டின் மேல் உருட்டி இழுக்கும்போது எங்காவது நூல் சிக்கினாலும் அந்த அம்பை முறித்துப் போட்டுவிடுங்கள்; விரிசல் விட்ட தண்டு நாணில் உடைந்தால் வில் பிடித்த கைக்குள்தான் ஏறும்.