நிலாவெளி மணலிலிருந்து கோணேசர் மலை வரை: பாறைப் படைகளை வாசிக்கப் பழகுதல்

பாறைப் படைகளை, அதாவது அடுக்குகளை, வாசிக்கத் தொடங்குபவருக்குத் திருகோணமலை கொஞ்சம் பொல்லாத ஊர். கோணேசர் மலையின் செங்குத்துப் பக்கத்தில் கோடு கோடாகத் தெரிவதைப் பார்த்து, அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்று எழுதினால் பிழையாகிவிடும். ஆகவே மலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கடற்கரை மணல்.

கொப்பி, பென்சில், அடிமட்டம், பூதக்கண்ணாடி, ஒரு பழைய கரண்டி போதும். சுத்தியல் வேண்டாம்.

படி 1: வெட்டுமுகம் ஒன்றைத் தேடுங்கள்

மாரிக் கடல் கொந்தளித்து அடங்கிய பிறகு, நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கரை சில இடங்களில் அறுபட்டு நிற்கும். அப்படி எதுவும் கிடைக்காவிட்டால் ஈர மணலில் முழங்காலளவு குழி தோண்டி, ஒரு பக்கத்தைக் கரண்டியால் நேராகச் சீவி விடுங்கள். காய்ந்த மணல் என்றால் சரிந்துவிடும்.

வெளிர் மணலுக்கு நடுவே கறுப்புக் கோடுகள் தெரிகின்றனவா? பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கறுப்பு மணிகள் பெரும்பாலும் இல்மனைட் என்ற கனமான கனிமம். இடையிடையே கருஞ்சிவப்பாக மின்னுவது கார்னெட். புல்மோட்டையில் அள்ளும் கனிய மணலும் இதே கூட்டம்தான். வெளிர் மணலில் பெரும்பாலும் உள்ள குவார்ட்ஸ் மணி தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம், இல்மனைட்டோ சுமார் 4.7 மடங்கு. அலை திரும்பும்போது இலேசானதை இழுத்துக்கொண்டு போகிறது, கனமானது தங்கிவிடுகிறது. கடல் முரடாக இருந்த வேளைகளில்தான் இந்தக் கறுப்புக் கோடுகள் நன்றாகத் திரளும். இப்போதே நீங்கள் பழைய வானிலையை வாசிக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

படி 2: கீழிருந்து மேலாக எண் போடுங்கள்

அடிப் படைக்கு 1, அதற்கு மேல் 2, 3 என்று குறித்து, ஒவ்வொன்றின் தடிப்பு, நிறம், மணியின் அளவு, சிப்பி உண்டா இல்லையா என்பதை எழுதுங்கள். குழப்பப்படாத படைகளில் கீழே உள்ளதே மூத்தது. டென்மார்க்கில் பிறந்த நிக்கொலஸ் ஸ்டெனோ 1669இல் எழுதிய விதி இது. படைகள் முதலில் ஏறக்குறைய மட்டமாகத்தான் படியும், பக்கவாட்டில் தொடர்ந்து போகும் என்பவையும் அவர் சொன்னவையே. ஊரில் கிணறு வெட்டுபவர்களைக் கேட்டுப் பாருங்கள்: எத்தனை அடியில் மணல் முடிகிறது, எங்கே களி தொடங்குகிறது, எங்கே பாறை தட்டும் என்று வரிசையாகச் சொல்வார்கள். பக்கத்து வளவிலும் அதே வரிசை வந்தால், படை தொடர்கிறது என்று பொருள்.

படி 3: நண்டு வளையைக் கவனியுங்கள்

வெட்டுமுகத்தில் ஒரு பழைய நண்டு வளை அகப்பட்டால் அதிர்ஷ்டம். கறுப்புக் கோட்டை ஊடறுத்துக்கொண்டு இறங்கி, உள்ளே வெள்ளை மணல் நிரம்பியிருக்கும். கோடு முதலில் இருந்திருக்க வேண்டும், பிறகுதான் நண்டு வந்து துளைத்திருக்கும். வெட்டுவது எப்போதும் வெட்டுப்படுவதைவிட இளையது. இந்த விதியை மறக்க வேண்டாம், மலையில் தேவைப்படும்.

படி 4: மலைக்குப் போங்கள்

பிரட்றிக் கோட்டை வாசலால் போய்க் கோயிலடியில் நின்று பாருங்கள். கோயிலும் கோட்டையும் இராணுவ முகாமும் உள்ள இடம் என்பதால் கண்ணால் பார்ப்பதோடு சரி. கல்லுடைக்கப் போகாதீர்கள், விளிம்புக்கும் போகாதீர்கள்.

துறைமுகத்தைச் சுற்றிய குன்றுகளில் நிறைய இருப்பது குவார்ட்ஸைட். ஒரு காலத்தில் குவார்ட்ஸ் மணலாகப் படிந்தது. பிறகு பூமிக்குள் 25, 30 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய், 800 பாகை செல்சியசுக்கு மேல் வெந்து, மடிந்து, மணிகள் எல்லாம் புதிதாக உருவாகி மேலே வந்திருக்கிறது. அதோடு சேர்ந்த, அதேபோல வெந்து உருமாறிய நைஸ் என்னும் பாறைகளில் தெரியும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளில் பெரும்பாலானவை அழுத்தத்தால் கனிமங்கள் பிரிந்து அணிவகுத்ததால் வந்தவை. படிந்த வரிசையை அவை காட்டுவதில்லை. மடிப்பில் மூத்த படை மேலே வந்திருக்கவும் கூடும்.

ஸ்டெனோவின் வரிசை இங்கே கைவிட்டாலும் நண்டு வளை சொன்ன விதி கைவிடாது. பட்டைகளைக் குறுக்கே வெட்டிப் போகும் வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்பு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். பட்டை முதலில், நரம்பு பிறகு. இரண்டு நரம்புகள் ஒன்றையொன்று வெட்டினால் இன்னும் நல்லது, மூன்று நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திவிடலாம்.

அப்புறம் மலையடியில், பாறைமேல் மணல் தொடும் இடத்தைப் பாருங்கள். நேற்று வந்த மணல், கோடிக்கணக்கான ஆண்டுப் பாறைமேல் நேரே இருக்கிறது. இடையில் இருந்த காலத்துக்கு இங்கே சாட்சியே இல்லை. இப்படிப்பட்ட இடைவெளியைத்தான் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் 1788இல் ஸ்கொட்லாந்தின் சிக்கார் பொயின்ரில் காட்டினார்.

படி 5: வயது

வரிசையை நாம் கண்ணால் பிடிக்கலாம், ஆண்டுக்கணக்குக்கு ஆய்வுகூடம் வேண்டும். சேர்கன் என்ற சிறு மணி உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏற்காது. யுரேனியம் 238இல் பாதி ஈயமாக மாற ஏறத்தாழ 447 கோடி ஆண்டு பிடிக்கும். ஆகவே உள்ளே சேர்ந்துள்ள ஈயத்தை அளந்தால் வயது வரும். மலைநாட்டிலிருந்து திருகோணமலை வரை நீளும் இந்தப் பாறைத் தொகுதியின் சேர்கன்களில், நடுப்பகுதி 200, 300 கோடி ஆண்டு காட்டும். அது மணல் வந்த பழைய நிலத்தின் வயது. வெளி விளிம்பு 55 முதல் 60 கோடி வரை. அது, பல நிலத்துண்டுகள் சேர்ந்து கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டமாக ஒட்டியபோது பாறை வெந்த காலம்.

யுரேனியம் இப்படித் தானாக மாறுவது கதிரியக்கத்தால். கதிரியக்கம் என்றதும் ஆனந்த குமாரசுவாமியைச் சொல்லாமல் விட மனமில்லை. கலை வரலாற்றாளராக அறியப்படும் முன் அவர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர். தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமம் 1904இல் அவர் வழியாகவே உலகுக்குத் தெரியவந்தது.

அடுத்த முறை யாழ்ப்பாணம் போனால் கீரிமலைப் பக்கம் சுண்ணாம்புக்கல்லைப் பாருங்கள். மயோசீன் என்ற, மலைப் பாறையைவிட மிக இளைய காலத்தது, வேகாதது, மடியாதது. படி 2ஐ அங்கே அப்படியே செய்யலாம்.