சர்க்கரை மாத்திரை ஆய்வுச் செய்தியா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

"புது சுகர் மாத்திரை, மரண ஆபத்து 38 சதவீதம் குறைவு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது "அதையே எழுதிக் குடுங்க" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். "இந்த மாத்திரை ஹார்ட்டுக்கு ஆகாதாம்" என்ற ஒற்றை வரியை நம்பி, வருடக்கணக்கில் சாப்பிட்டதைத் தாமாக நிறுத்திவிடுபவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் ஆய்வை ஒரே மாதிரிதான் தவறாகப் படிக்கிறார்கள்.

இருப்பதிலேயே பெரிய தவறு, சர்க்கரை இறங்கியதையே பலன் என்று எடுத்துக்கொள்வது. ரெண்டாம் வகை நீரிழிவுக்கு நாம் மாத்திரை சாப்பிடுவது லேப் ரிப்போர்ட் அழகாக இருப்பதற்காக அல்ல. மாரடைப்பு, சிறுநீரகப் பழுது, கண் பார்வைக் கோளாறு, காலில் ஆறாத புண் இவையெல்லாம் வராமல் இருக்கத்தான். ஆனால் பெரும்பாலான மாத்திரைகள், ஆறு மாதமோ ஒரு வருடமோ நடக்கும் ஆய்வில் ஹெச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, இறங்குவதைக் காட்டித்தான் அனுமதி வாங்குகின்றன. அந்த அவகாசத்தில் இதயத்துக்கு என்ன ஆகும் என்பது தெரிய வாய்ப்பு குறைவு.

இந்தப் பாடம் ஒரே நாளில் வந்ததல்ல. 1960களில் அமெரிக்காவில் யூஜிடிபி என்ற ஆய்வு நடந்தது. டோல்பியூட்டமைடு என்ற சர்க்கரை மாத்திரையைச் சாப்பிட்ட 204 பேரில் 26 பேர் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தார்கள். மருந்தே இல்லாத டம்மி மாத்திரை சாப்பிட்ட 205 பேரில் 10 பேர். 1970இல் இது வெளியானபோது டாக்டர்களிடையே பெரிய சண்டையே நடந்தது. பிறகு 1999இல் ரோசிகிளிட்டசோன் என்ற மாத்திரை வந்தது. அதுவும் சர்க்கரையை நன்றாகவே இறக்கியது. 2007இல் 42 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது, மாரடைப்பு ஆபத்து 43 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. 2010இல் இந்தியா அதைத் தடை செய்தது. இடையில் 2008இல், சர்க்கரைக்கான புதிய மருந்துகள் இதயத்துக்குக் கேடு செய்யாது என்று காட்ட வேண்டும் என அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ நிபந்தனை போட்டது. இன்று நாம் படிக்கும் பெரிய பெரிய ஆய்வுகள் பலவும் அந்த நிபந்தனையால் பிறந்தவை.

அடுத்தது, சதவீதத்தைப் பார்த்து மயங்குவது, அல்லது பயப்படுவது. அந்த 43 சதவீதத்துக்குப் பின்னால் இருந்த எண்ணிக்கை: ரோசிகிளிட்டசோன் தரப்பில் 86 மாரடைப்பு, மறு தரப்பில் 72. ஆய்வுகளில் இருந்தவர்களோ, இரு தரப்பையும் சேர்த்தால் கால் லட்சத்துக்கும் மேல். (43 என்பது ஒவ்வோர் ஆய்வுக்குள்ளும் ஒப்பிட்டுப் பிறகு சேர்த்த கணக்கு; 86ஐ 72ஆல் நேராக வகுத்து வந்ததல்ல.) மாரடைப்பு இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் இருக்கும்போது கணக்கு எளிதில் மாறும். 2013இல் எஃப்டிஏ, வேறொரு ஆய்வின் தரவை மறுபடி அலசிப் பார்த்துத் தன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது.

நல்ல செய்திக்கும் இதே கணக்குதான். எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையை 7,020 பேரிடம் சோதித்த ஆய்வு 2015இல் வெளியானது. இதய நோயால் இறப்பது 38 சதவீதம் குறைந்தது என்பது அதில்தான் வருகிறது. சுமார் மூன்று ஆண்டில் டம்மி மாத்திரைத் தரப்பில் நூற்றுக்கு 5.9 பேர், மருந்துத் தரப்பில் 3.7 பேர். ஆக, நூறு பேர் சாப்பிட்டால் ஏறத்தாழ இரண்டு உயிர். என்னைக் கேட்டால் இது மிக நல்ல பலன்தான். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே இதய அல்லது ரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள். நேற்று சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட நாற்பது வயதுக்காரருக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. இரு தரப்புக்கும் ஹெச்பிஏ1சியில் பெரிய வித்தியாசம் இல்லாமலேயே இந்தப் பலன் வந்தது என்பதையும் கவனியுங்கள்.

யாரிடம் சோதித்தார்கள் என்ற கேள்வி நமக்கு ரொம்ப முக்கியம். நீரிழிவின் எல்லையில் இருப்பவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், உணவு, உடற்பயிற்சி மாற்றம் நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தது, மெட்ஃபார்மின் மாத்திரை 31 சதவீதம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில் வாழ்க்கை முறை மாற்றம் 28.5, மெட்ஃபார்மின் 26.4. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் 28.2தான்! அங்கே வந்த எண் இங்கே அப்படியே வரவில்லை. இங்கே கொடுத்த மெட்ஃபார்மின் அளவும் குறைவு.

எதோடு ஒப்பிட்டார்கள் என்றும் பாருங்கள். நம் ஊரில் ஏராளமானோர் சாப்பிடும் கிளிமெபிரைடு, டோல்பியூட்டமைடு குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதனால் அதன்மீதும் சந்தேகம் இருந்தது. லினாக்ளிப்டின் என்ற வேறு வகை மாத்திரையோடு அதை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வந்தபோது, இதய பாதிப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது: லோ சுகர் கிளிமெபிரைடில் 37.7 சதவீதம் பேருக்கு, லினாக்ளிப்டினில் 10.6 சதவீதம் பேருக்கு. ஒப்பீடே இல்லாமல் "எங்கள் சூரணம் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை இறங்கியது" என்று யாராவது சொன்னால் அதை ஆய்வு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டம்மி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கே பல ஆய்வுகளில் கொஞ்சம் இறங்கும். அடிக்கடி செக்கப், டயட் அறிவுரை என்றால் யாரும் வாயைக் கொஞ்சம் கட்டுவார்கள்.

ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சியே தவறாகக் காட்டலாம். இரும்புச்சத்துக் குறைபாட்டில் அது இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டும் முன் ஹீமோகுளோபினையும் பாருங்கள்.

நீங்களே ஓர் ஆய்வில் சேர்வதாக இருந்தால் தவறுகள் வேறு. கொடுத்த மாத்திரையில் பாதி மிச்சமிருக்கிறது, கேட்டால் திட்டுவார்கள் என்று குப்பையில் கொட்டிவிட்டுக் காலி அட்டையைத் திருப்பிக் கொடுப்பது நடக்கிறது. மிச்ச மாத்திரையை அவர்கள் எண்ணுவது உங்களைப் பிடிப்பதற்கல்ல. நீங்கள் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று தெரியாவிட்டால் சரியான அளவையே தவறாகத் தீர்மானிப்பார்கள். ஆவாரம்பூக் கஷாயமோ சிறுகுறிஞ்சான் பொடியோ குடித்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பழைய மாத்திரையைச் சில வாரம் நிறுத்தச் சொன்னால், சர்க்கரை எந்த அளவு ஏறினால் என்ன செய்வார்கள் என்று முதலிலேயே கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் தமிழில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு வாங்கிவந்து படியுங்கள். மருந்து ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூன் முதல் இந்தியாவில் மருந்து ஆய்வுகளுக்கு அந்தப் பதிவு கட்டாயம். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்று 2019ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. பாதியில் விலகவும் உரிமை உண்டு. விலகினாலும் போனை எடுத்து, எப்படி இருக்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். பக்கவிளைவு வந்தவர்கள் சத்தமில்லாமல் காணாமல் போனால், அந்தப் பக்கவிளைவும் கணக்கில் ஏறாமல் போய்விடும்.