கைனசினின் ஆற்றல் கணக்கு போடும் முறை

கைனசின் என்பது செல்லுக்குள் சரக்கு சுமந்து அடியெடுத்து நடக்கும் புரத இயந்திரம். முதலில் அலகைப் பிடியுங்கள். மூலக்கூறு இயந்திரங்களுக்கு ஜூல் மிகப் பெரிது. பிகோநியூட்டன்-நானோமீட்டர்தான் கைக்கு அடக்கமான அலகு. 25 டிகிரி செல்சியஸில் போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கினால் அந்த அலகில் 4.1 வரும்; மூலக்கூறுகளின் வெப்ப ஆட்டத்தின் அளவு அது.

அடுத்து ஏடிபி (ATP), கைனசினின் எரிபொருள் மூலக்கூறு. அது சிதையும்போது வெளிவரும் ஆற்றல் எவ்வளவு? பலரும் தவறுவது இங்கேதான்: பாடநூலின் திட்ட மதிப்பான மோலுக்கு 30.5 கிலோஜூலை அப்படியே போட்டுவிடுகிறார்கள். செறிவுகளைச் சேர்த்தே ஆகவேண்டும். ஏடிபி 1 மில்லிமோலார், பாஸ்பேட் 1 மில்லிமோலார், ஏடிபி சிதைந்து வரும் ஏடிபீ (ADP) 10 மைக்ரோமோலார் என்றால், ADP × பாஸ்பேட் ÷ ATP விகிதத்தின் இயல் மடக்கை −11.5. அதை 2.48-ஆல் (வாயு மாறிலி × வெப்பநிலை, மோலுக்குக் கிலோஜூலில்) பெருக்கி, குறையை விட்டு 30.5-உடன் கூட்டினால், கிடைக்கும் ஆற்றல் மோலுக்கு 59 கிலோஜூல். அவகாட்ரோ எண்ணால் வகுத்தால் மூலக்கூறுக்கு 98 பிகோநியூட்டன்-நானோமீட்டர்.

கைனசின் ஓரடிக்கு ஒரு ஏடிபியைச் செலவழித்து 8 நானோமீட்டர் நகரும். சுமார் 6 பிகோநியூட்டன் எதிர்விசையில் நின்றுவிடும். பெருக்கினால் 48, அதாவது அந்த 98-இல் ஏறத்தாழ 49 சதவீதம். திட்ட மதிப்பை வைத்திருந்தால் 95 சதவீதம் என்று மயக்கியிருக்கும்!

இந்த 49-ஐயும் உண்மைத் திறன் என்று எழுதாதீர்கள். நிற்கும் விசையில் முன்னடியும் பின்னடியும் சமம். ஏடிபி செலவாகிக்கொண்டே இருக்கும், நிகர வேலையோ சுழியம். திறனைச் சொல்ல, அதற்குக் குறைவான சுமையில் வேகத்தையும் ஏடிபி செலவையும் சேர்த்தே அளக்கவேண்டும்.