மஷிக்குவின் தொடக்க வரலாற்றை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்ச்சுகலின் மதீராத் தீவில் மக்கள் குடியேறிய வரலாற்றை எழுதப் புகுந்த இளைஞர்கள் சிலரின் கைப்பிரதிகளைத் திருத்தும் பணி அண்மையில் எனக்கு வாய்த்தது. அவற்றுள் பெரும்பாலானவை தீவின் கிழக்குக் கரையிலுள்ள மஷிக்கு நகராட்சியைப் பற்றியவை. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளையே அவற்றில் மீண்டும் கண்டபோது வருத்தமாக இருந்தது. பெயர்களின் ஒலிபெயர்ப்பு, எண்கள் இடம் மாறி அச்சாவது போன்றவற்றை எவரும் மறுவாசிப்பில் திருத்திக்கொள்வர். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஊருக்கு ஒரே தொடக்க நாளைத் தேடுவது

போர்த்துக்கீசிய மாலுமிகளான சர்க்குவும் திரிஸ்தாவ் வாஸும் 1418இல் போர்ட்டு சாந்துத் தீவையும் 1419இல் மதீராவையும் அடைந்தனர் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் இளவரசர் என்ரிக்கே 1460இல் எழுதிய சாசனத்தில், தாம் மதீராவில் மக்களைக் குடியமர்த்தத் தொடங்கி 35 ஆண்டுகள் ஆயின என்கிறார். அது நம்மை 1425க்குக் கொண்டுசெல்கிறது. அரசர் துவார்த்தே இத்தீவுகளைத் தம் தம்பியான என்ரிக்கேவுக்குக் கொடையளித்தது 1433இல். மஷிக்குவை ஆளும் உரிமையைத் திரிஸ்தாவ் வாஸ் சாசனமாகப் பெற்றது 1440 மே 8ஆம் நாள். எப்போது வந்தனர், எப்போது குடியேறினர், நிலம் யாருக்கு உரியது, அதை ஆள்பவர் யார் என்னும் நான்கு கேள்விகளுக்கு இவை நான்கு விடைகள். ஒன்றை மட்டும் எடுத்து ‘ஊர் தோன்றிய ஆண்டு’ என்று எழுதினால் மற்ற மூன்றும் மறைந்துபோகும்.

இன்றைய எல்லையை 15ஆம் நூற்றாண்டின் மீது வைப்பது

இந்த ஒரு தவறைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். நான் எழுதிய முதல் சிறுநூலின் படிகள் அனைத்தையும் பதிப்பகம் திரும்பப் பெற்று, செலவில் பாதியை என்னிடம் வாங்கியதற்கு இதுவே காரணம். இத்தனை ஆண்டுகள் கழித்தும் யாராவது இதே வரைபடத்தை வரைந்து கொண்டுவந்தால் எனக்குப் பொறுப்பதில்லை.

1440ஆம் ஆண்டுச் சாசனம் திரிஸ்தாவுக்கு அளித்தது ஓர் ஊரை அன்று. தெற்குக் கரையில் கனீசு ஓடைக்கு அப்பால் பத்துக் காலடி தள்ளித் தொடங்கி, ஓடை வழியே மேலேறி, தீவின் வடமேற்கு முனையில் இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கும் திரிஸ்தாவ் முனை வரை செல்லும் கோட்டுக்கு வடக்கிலும் கிழக்கிலும் உள்ள நிலம் முழுவதும் அவரது ஆட்சிப் பகுதி. அதன் பெயர் மஷிக்குக் கப்பித்தானியா. ஏறத்தாழ பாதித் தீவு அது. இன்றைய மஷிக்கு நகராட்சியோ சுமார் 68 சதுர கிலோமீட்டர். 740 சதுர கிலோமீட்டர் கொண்ட தீவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பழைய ஆவணங்களில் ‘மஷிக்கு’ என்னும் ஒரே சொல் கப்பித்தானியாவையும் குறிக்கும், விலா என்னும் நகர்நிலை பெற்ற ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் குறிக்கும், விரிகுடாவை ஒட்டிய குடியிருப்பையும் குறிக்கும். நான் அம்மூன்றையும் ஒன்றாகக் கொண்டு, பாதித் தீவின் கோதுமையையும் சர்க்கரையையும் ஒரு சிறு விரிகுடாவின் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

நூல் வெளிவந்த பின் கனீசுக்குச் சென்றிருந்தபோது, முதியவர் ஒருவர் என்னை ஓடைக்கரைக்கு அழைத்துச் சென்றார். முற்காலத்தில் ஒரு கரை சர்க்கு ஆண்ட ஃபுஞ்சால் கப்பித்தானியாவைச் சேர்ந்தது, மறுகரை மஷிக்குவைச் சேர்ந்தது என்றும், தங்கள் பங்குக் கோயில் தூய ஆவியார், புனித வனத்து அந்தோணியார் என்னும் இரு பெயர்களை இன்றும் தாங்கி நிற்பது அந்தப் பிரிவினால்தான் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். என் வரைபடத்தில் இரு கரைகளுமே, கனீசு இன்று அடங்கியுள்ள சாந்தா குரூஸ் நகராட்சியின் நிறத்தில் இருந்தன.

வெனிஸ் நகரத்து வணிகர் கடமோஸ்டோ 1455இல் மதீராவுக்கு வந்தபோது மஷிக்கு, சாந்தா குரூஸ், ஃபுஞ்சால், காமரா தெ லோபுஸ் என நான்கு குடியிருப்புகளைக் குறிப்பிட்டார். முதலிரண்டும் மஷிக்குக் கப்பித்தானியாவுக்குள் அடங்கியவை. சாந்தா குரூஸ் தனி விலாவானது 1515இல்தான். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் அவ்வூர் அடைந்த வளர்ச்சியை, மஷிக்குவைப் பற்றி எழுதுவோர் தம்முடையதாகக் கொள்கின்றனர். சாந்தா குரூஸைப் பற்றி எழுதுவோர் 1515இல் தொடங்கி, அதற்கு முன்பு அங்கே மக்களே இல்லாததுபோல எழுதுகின்றனர். வடகரையிலுள்ள சாவ் விசென்டே தனி விலாவாக 1744 வரை காத்திருந்தது. எனவே முதலில் 1440இன் வெளிக்கோட்டை வரையுங்கள். பின்பு ஒவ்வொரு விலாவும் பிரிந்த ஆண்டில் அதன் நிலத்தைக் கழித்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வோர் ஆவணக் குறிப்பின் அருகிலும் அது எந்த மஷிக்குவைச் சொல்கிறது என்று எழுதி வையுங்கள்.

இந்தத் தவறு இன்னொரு தவறான முடிவுக்கும் இட்டுச்செல்கிறது. ஃபுஞ்சால் 1508இல் மாநகரான பின்னும் மஷிக்கு சிற்றூராகவே நின்றதற்குத் திரிஸ்தாவின் வழிவந்தோரின் திறமையின்மையே காரணம் எனப் பலர் எழுதுகின்றனர். பழைய எல்லையை வரைந்து பார்த்தால் நிலமே விடை சொல்லும். கரும்பு செழிக்கும் வெயில் மிகுந்த தென்சரிவின் பெரும்பகுதி சர்க்குவின் பங்கில் விழுந்தது. திரிஸ்தாவின் பங்கில் பெரும்பாலும் செங்குத்தான, மழையும் மூட்டமும் மிகுந்த வடகரை விழுந்தது.

காதல் கதையைக் குடியேற்றத்தின் காரணமாக்குவது

ராபர்ட் மஷிம் என்னும் ஆங்கிலேயர் தம் காதலியுடன் புயலில் ஒதுங்கி இவ்விரிகுடாவில் இறந்ததாகவும், ஊர்ப்பெயர் அவரிடமிருந்து வந்ததாகவும் ஒரு கதை உண்டு. அதைக் கதையென்றே சொல்லி எழுதலாம். 14ஆம் நூற்றாண்டு இத்தாலிய வரைபடங்களிலேயே மதீராவைக் குறிக்கும் ‘மரத் தீவு’ என்னும் பெயர் காணப்படுகிறது என்பதையும் உடன் எழுதுங்கள்.

ஏழாண்டுத் தீ

குடியேறியோர் காட்டை அழிக்க இட்ட தீ ஏழாண்டுகள் எரிந்ததாக ஒரு கதை உண்டு. தீவு முழுவதும் அப்படி எரிந்திருந்தால், அதன் லாரல் காடு இன்று நின்றிராது.

‘800 பேர்’

தீவில் 800 பேர் இருந்ததாகக் கடமோஸ்டோ சொன்னது ஆண்களின் எண்ணிக்கை. தீவு மக்கள் அனைவரின் தொகை அன்று.

போர்த்துக்கீசியரை மட்டும் எழுதுவது

பாறையைக் குடைந்து நீரைக் கொண்டுவந்த லெவாதா வாய்க்கால்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் கனாரித் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் உழைத்தனர். அவர்களைப் பின்னிணைப்பில் ஒரு வரியாக ஒதுக்காதீர்கள். நீர் வராமல் கரும்பு இல்லை. கரும்பு இல்லாமல் நீங்கள் எழுதும் வளர்ச்சியும் இல்லை.

கண்ணெதிரே நிற்கும் கட்டடத்தை முதல் கட்டடம் என்பது

மஷிக்குவின் அற்புதங்களின் ஆண்டவர் சிற்றாலயத்தை 1803 அக்டோபர் 9ஆம் நாள் வெள்ளம் அழித்தது. இன்று நாம் காண்பது அதற்குப் பின் எழுப்பப்பட்டது.