ஆயா தைத்த சங்கரா மீன் உடை

போன வருஷம் குழந்தைகள் தினத்துக்கு என் பேரனுக்கு வாடகைக்கு ஒரு கிருஷ்ணர் உடை எடுத்தோம். ஜரிகை உரசி உரசி, மேடை ஏறுவதற்குள் கழுத்து சிவந்துவிட்டது. அழுதபடியே கிரீடத்தைப் பிடுங்கிப் போட்டான். இந்த நவம்பர் 14க்கு அவன் தங்கைக்கு மாறுவேடம் என்றதும், நானே தைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். காசிமேட்டில் முப்பது வருஷமாக வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைப்பவள் நான். பேத்திக்கு இரண்டரை வயது. மீன் கூடையைப் பார்த்தால் முதலில் கை நீட்டுவது சிவப்புச் சங்கராவைத்தான். அதனால் சங்கரா.

இந்த வயதுக் குழந்தைக்குத் தைக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். போட்டிருப்பதே அவளுக்கு மறந்துபோக வேண்டும். அழகு அதற்கு அப்புறம்தான்.

உடம்புக்கு என் பழைய பருத்திப் புடவை ஒன்றை எடுத்தேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி, இனிமேல் சுருங்கவும் சுருங்காது. செதிலுக்குப் பனியன் துணி. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சிவப்பில் ஒரு துண்டும் வெளிர் ரோஸில் ஒரு துண்டும் வாங்கினேன். பனியன் துணியை வெட்டினால் நூல் பிரியாது, அதனால் விளிம்பு மடித்துத் தைக்கும் வேலை இல்லை. வெட்டிய ஓரம் லேசாகச் சுருண்டு நிற்பதும் செதிலுக்குப் பொருத்தம். சிவப்புத் துணியை மட்டும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசிவிடுங்கள். குழந்தை எதையும் வாயில் வைக்கும். மழை மாதத்தில் துணி காய இரண்டு நாள் ஆகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு எடுக்க டேப்போடு அவள் பின்னால் ஓடவில்லை. அவளுக்குத் தளர்வாக இருக்கும் ஒரு சிம்மீஸை மடித்துத் துணிமேல் வைத்து, பக்கவாட்டில் ஒன்றரை இன்ச் கூடுதலாக விட்டு, தையலுக்கு அரை இன்ச் சேர்த்து சாக்பீஸால் கோடு போட்டேன். உள்ளே டயப்பருக்கும் இடம் வேண்டும். நீளம் முழங்காலோடு நிற்கட்டும், கீழே போனால் தடுக்கி விழுவாள். முன், பின் இரண்டையும் இரண்டிரண்டாக வெட்டுங்கள். ஒன்று மேல்துணி, இன்னொன்று லைனிங்.

கழுத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். இந்த வயதில் தலைச் சுற்றளவே கிட்டத்தட்ட 19 இன்ச் இருக்கும், மார்பைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. சின்னக் கழுத்து வைத்தால் தலை நுழையாது, பெரிதாக வைத்தால் தோள் வழுக்கும். முதுகுப் பக்கம் 5 இன்ச் திறப்பு விட்டு வெல்க்ரோ வையுங்கள். சொரசொரப்பான பக்கம் தோலில் படாமல் வெளியே பார்த்திருக்கட்டும். கழுத்தில் கயிறு, நாடா எதுவும் வேண்டாம். எங்காவது மாட்டி இழுத்தால் ஆபத்து.

இனி செதில். ஒவ்வொன்றாக வெட்டித் தைத்தால் விடிந்துவிடும். மூன்றரை இன்ச் அகலத்தில் நீளப் பட்டைகளாக வெட்டுங்கள். கீழ் விளிம்பில் காபி டம்ளரைக் கவிழ்த்து, 1 இன்ச் ஆழத்துக்கு வளைவு வளைவாக வரைந்து வெட்டினால் ஒரு வரிசை தயார். பக்கத் தையல் போடுவதற்கு முன்பே, துணி தட்டையாக இருக்கும்போதே இவற்றைத் தைத்துவிட வேண்டும். கீழிருந்து மேலே போங்கள், ஓட்டு வீட்டில் ஓடு வேய்வதைப் போல. ஒவ்வொரு பட்டையும் முந்தியதற்கு 2 இன்ச் மேலே, வளைவு பாதி தள்ளி வரட்டும். அப்போதுதான் கீழ்ப் பட்டையின் தையல் மறையும். முதுகுக்குச் சிவப்பு, வயிற்றுக்கு ரோஸ். எனக்கு ஒரு பக்கத்துக்கு ஆறு வரிசை பிடித்தது. இரு ஓரத்திலும் அரை இன்ச் வெறுமையாக விடுங்கள், இல்லாவிட்டால் பக்கத் தையல் தடித்து அக்குளில் குத்தும். பனியன் துணியில் சாதா ஊசி தையலை விட்டுவிட்டுப் போகும். நுனி உருண்டையாக இருக்கும் பால்பாயிண்ட் ஊசியை மெஷினில் மாட்டி, துணியை இழுக்காமல் ஓட்டுங்கள்.

தோளையும் பக்கங்களையும் இணைத்த பிறகு லைனிங்கை உள்ளே வைத்துக் கழுத்திலும் கைச்சுற்றிலும் சேர்த்துத் தைத்தால், நூல் முடிச்சு ஒன்றுகூடத் தோலில் படாது.

வாலுக்குப் பஞ்சு அடைக்காதீர்கள். முதலில் நான் அடைத்துப் பார்த்தேன், உட்கார முடியாமல் நெளிந்தாள். பிரித்து எடுத்துவிட்டு, இரண்டு மடிப்புத் துணியில் கவையாக வெட்டிப் பின்பக்கம் தொங்கவிட்டேன். முதுகுத் துடுப்பும் வெறும் கொசுவம் வைத்த பட்டைதான்.

முகமூடி வேண்டவே வேண்டாம், இந்த வயதில் ஒரு நிமிஷம்கூட வைத்திருக்க மாட்டார்கள். மீதிப் பனியன் துணியில் முகம் திறந்த குல்லா ஒன்று தைத்து, இரு பக்கமும் வெள்ளை வட்டத்தின்மேல் கறுப்பு வட்டம் வைத்துக் கண் தைத்தேன். பட்டன், சமிக்கி, மணி எதுவும் வைக்கவில்லை. கழன்றால் நேராக வாய்க்குத்தான் போகும்.

தைத்து முடித்ததும் விழா நாள்வரை பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். நான்கு நாள் முன்பிருந்தே தினம் கொஞ்ச நேரம் போட்டுவிட்டேன். உட்காரச் சொன்னேன், குனிந்து பந்தை எடுக்கச் சொன்னேன். இரண்டாம் நாள் கை தூக்கும்போது அக்குள் இழுத்தது, கைச்சுற்றை அரை இன்ச் இறக்கினேன். மூன்றாம் நாள் சங்கரா உடையிலேயே உட்கார்ந்து இட்லி தின்றுவிட்டு, சாம்பார் கையை வயிற்றுச் செதிலில் துடைத்துக்கொண்டு விளையாட ஓடிவிட்டாள். அன்று ராத்திரியே அலசி, மின்விசிறிக்குக் கீழே காயப் போட்டேன்.